முப்பத்தெட்டாம் வரிசை

மார்த்தாண்டத்தில் ஜன்னலோரம் கிடைத்தால்
பாதி நாள் ஜெயித்த மாதிரி.
பையிலிருந்து ஊசிகளை எடுக்கிறேன்.
மூங்கில் ஊசிதான்.
இரும்பைக் கண்டதும் ஒருமுறை
பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விட்டார்.

நேர் இரண்டு, மறி இரண்டு.
நேர் இரண்டு, மறி இரண்டு.
சாமியார்மடம் தாண்டுவதற்குள் ஒரு வரிசை.

"கம்பிளியா?" என்கிறார் கண்டக்டர் மரியஜெபம்.
"இந்த வெக்கையிலா? ஆருக்கு?"
ஆருக்கு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
மகன் கனடாவிலா,
நாத்தனார் உண்டாயிருக்காளா,
ஊட்டிக்கு மாற்றலா.
மகனுக்கு ஒன்பது வயது.
எங்கள் வங்கியில் மாற்றல் என்றால் குளச்சல்,
அங்கும் வேர்க்கும்.
பேச்சிப்பாறைக்குப் போனாலும் வேர்க்கும்.
சும்மா, என்கிறேன்.
சும்மாவுக்கு என்ன டிக்கெட் கிழிப்பது என்று தெரியாமல்
அவர் அடுத்த சீட்டுக்கு நகர்கிறார்.

மரச்சீனி வாங்கப் போய் நூலோடு திரும்பிய அன்று
சுகுணன் சண்டை போடவில்லை.
அலமாரியைத் திறந்து
புடவைகளுக்குப் பின்னால் கைவிட்டு எண்ணினார்.
பதினேழு உருண்டை, என்றார்.
அரிசி டின்னில் இருக்கும் ஆறு
அவர் கணக்கில் வராது.

அந்த நிறத்தை எப்படி விட்டுவிட்டு வர?
ரப்பர் மரம் தளிர்க்கிறபோது ஒரு வாரம் மட்டும் இருக்குமே,
அந்தச் செம்பு.
கடைக்காரர் அதை பிரவுன் என்றார்.

என் கையிழுப்பு ஒரே சீராக வராது.
அதனாலேயே துணியைத் தடவிச் சொல்லிவிடுவேன்:
இந்த இறுக்கம் வில்லுக்குறிப் பள்ளம்.
இந்த நாலு வரிசை
தக்கலையில் தடி லாரி மறிந்து
ரோடு அடைத்துக் கிடந்த ஒன்றரை மணி நேரம்.
இது ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, மாமிக்கு ஸ்கேன்,
பேர் கூப்பிடும்வரை;
ஊசிமுனைகூட நுழையாத கண்ணிகள்.
இது கரண்ட் போன ராத்திரி.
கண்ணுக்கு வேலையில்லை, விரலே பார்த்துக்கொண்டது.

நேற்று சுங்கான்கடையில்
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது
கீழே, முப்பத்தெட்டாம் வரிசையில்,
இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னியிருந்தேன்.
அங்கிருந்து மேலே எல்லா வரிசையும் ஒன்று குறைவு.
வரிகள் எல்லாம் ஒரு அடி தள்ளி நிற்கின்றன.
பள்ளியிலிருந்து போன் வந்த நாள் அது.
லிட்வின் படியில் விழுந்துட்டான்,
பயப்படாதீங்க, ஒரு பல்லுதான்.

"ஆரு பாக்கப் போறா?" என்றாள் ஹெப்சி,
கேஷ் கவுண்டரில் நோட்டெண்ணியபடி.
நியாயம்தான்.
கட்டில் ஒரு நோட்டுக் குறைந்தால் மட்டும்
அவள் ராத்திரி எட்டுவரை வீட்டுக்குப் போகமாட்டாள்.

சோறு முடிந்ததும் ஊசியை உருவினேன்.
நுனியைப் பிடித்து இழுக்க
டிர்ரென்று வரிசை வரிசையாக விட்டுக்கொடுத்தது.
கரண்ட் வந்தது.
மாமியின் பேரை யாரும் கூப்பிடவே இல்லை.
தக்கலையில் லாரி எழுந்து நின்று
தடிகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனது.
வில்லுக்குறியில் பள்ளம் மூடிற்று.
முப்பத்தெட்டில் போன் அடிக்கவில்லை.

லிட்வின் வந்து நூலை முழங்கையில் சுற்றினான்,
ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு.
"நூடுல்ஸ்" என்றான்.

நனைத்து, நுனியில் பழைய பூட்டொன்றைத் தொங்கவிட்டு,
கொடியில் போட்டேன். ஆடிக்காற்று ராவெல்லாம் ஆட்டியது.
காலையில் பார்த்தால் பாதிச் சுருள் போகவில்லை.
கிடக்கட்டும்.

இன்று நடு சீட்.
இரண்டு பக்கமும் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு
மறுபடியும் முப்பத்தெட்டு.
"நேத்தைக்கு இதைவிடப் பெரிசா இருந்துல்லா?"
என்கிறார் மரியஜெபம்.
பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும்.
தலையை மட்டும் ஆட்டுகிறேன்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
அழகியமண்டபத்தில் இறங்க வேண்டியவர்கள் இறங்கியாயிற்று.
டிரைவர் திரும்பிப் பார்க்கிறார்.
விசில் உதட்டில் இருக்கிறது,
இன்னும் ஊதவில்லை,
என் ஊசியையே பார்த்துக்கொண்டு
மரியஜெபமும் எண்ணுகிறார்.